பழைய காலணியும் பனிமலையும்

காலிபோக்ரி என்னும் சிற்றூரிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமாகிய சந்தக்பூ, கடல்மட்டத்திலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ளது. வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு என உலகின் ஐந்து மிக உயர்ந்த சிகரங்களுள் நான்கை அங்கு நின்றபடியே காணலாம். அந்தக் கடைசி ஏற்றத்தில், பாதி வழி கடந்திருந்த வேளையில், எங்கள் மூவருள் ஒருவரின் வலது காலணி வாய் பிளந்தது. சோல் முன்பக்கம் தனியே தொங்க, ஒவ்வோர் அடிக்கும் அது தரையில் அறைந்து ஓசை எழுப்பியது. கால் மணி நேரத்தில் இடது காலணியும் அதே வழியில் சென்றது. கூடாரக் கயிற்றை அறுத்து இரண்டையும் சுற்றிக் கட்டினோம். பனி உருகி நனைந்திருந்த கற்களின்மேல் கயிறு வழுக்கியது. எஞ்சிய மூன்று கிலோமீட்டரை நடக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. நண்பரின் கால் மடங்கியிருந்தால் அவரைத் தூக்கிச் செல்லும் வலிமை எங்கள் இருவருக்கும் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

அந்தக் காலணி, வட இந்திய நகரம் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 900 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. புதிதாக வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும் வெளிநாட்டுக் காலணி அது. சோலில் தேய்மானமே இல்லை, தோல் பளபளத்தது. விற்றவர்மீது எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் அதைத் தந்தார். அதன் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் நாங்கள்தாம்.

பின்னர் விசாரித்து அறிந்த செய்தி இது. மலையேற்றக் காலணிகள் பலவற்றில், தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல்தோலுக்கும் இடையே பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருள் அடுக்கப்பட்டிருக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. அணிந்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நிகழும். சொல்லப்போனால், பெட்டிக்குள் பல ஆண்டுகள் கிடக்கும் காலணியே விரைவில் கெடுகிறது. நடக்கும்போது நுரை அழுந்தி விரிவதால் உள்ளே தேங்கும் ஈரம் வெளியேறுகிறது என்பர். ஆகவே, அதிகம் தேயாத பழைய காலணி என்பது பெரும்பாலும் அதிகக் காலம் பரணில் கிடந்த காலணியே. மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களின் புழுக்கத்தில் அது எந்த நிலைக்கு வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். சென்ற ஆண்டுவரை நடந்து, விளிம்பில் சிராய்ப்புப் பட்ட காலணியை அதைவிட நம்பலாம்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். நடு அடுக்கின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல நுரை அழுந்தி மீளும். கெட்டது பழைய ரொட்டியைப் போல் உதிரும் அல்லது பிசுபிசுக்கும். காலணியின் முன்பகுதியை வளைத்து, மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று நோக்குங்கள். நாக்குப் பகுதியின் உட்புறத்துச் சீட்டில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிடும் நிறுவனங்கள் பல உண்டு. எழுத்து மிகச் சிறியதாயினும் தேடிப் படியுங்கள். ஒட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் கூறிக்கொண்டு வாங்க வேண்டாம். உதிரும் நுரையில் எந்தப் பசையும் பிடிக்காது. டார்ஜீலிங்கில் காலணி தைப்பவர் எங்கள் காலணியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இத்தனை சொல்லியும், பழைய பொருள் வாங்குவதை நாங்கள் விடவில்லை. ஏனெனில் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே சந்தையில் வாங்கிய முதுகுப்பையும் தூக்கப்பையும் அதன்பின் ஆறு பயணங்களுக்கு உழைத்தன. மலைக்குச் செல்லும் ஆசை பலருக்கு ஒருமுறைதான் வருகிறது. பையும் கூடாரமும் குளிர்ச் சட்டையும் வாங்கி, ஒரு விடுமுறைக்குப் பயன்படுத்தி, பின் அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுகின்றனர். வீடு மாறும்போது அவை கிடைத்த விலைக்குச் செல்கின்றன. மலிவுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கிடைக்கும் இடங்கள் பலவகை. மணாலி, லே ஆகிய ஊர்களில் உபகரணங்களை வாடகைக்கு விடும் கடைகள் பருவத்தின் முடிவில் பழைய இருப்பைக் கழிப்பதுண்டு. லடாக்கின் பருவம் செப்டம்பரோடு ஓயத் தொடங்குவதால், அதன்பின் கேட்டால் பேரம் படியும். காத்மாண்டுவின் தமேல் பகுதியில் மலையேறும் குழுக்கள் விட்டுச் சென்ற உயர்தரப் பொருட்களும், புகழ்பெற்ற பெயர்களைத் தாங்கிய போலிகளும் ஒரே தெருவில் தொங்கும். ஷில்லாங்கின் பரா பஜாரில் பொதிகளாக வரும் பழைய குளிராடைகளைக் கிளறித் தேடுவது ஒரு தனிக் கலை. கையில் நேரமும் மூக்கில் பொறுமையும் வேண்டும். தில்லியின் சரோஜினி நகரில் கிடைப்பவை பெரும்பாலும் ஏற்றுமதியில் எஞ்சியவை, பயன்படுத்தியவை அல்ல. அத்தகைய எச்சத்துக்கு நம் திருப்பூர்க் காதர்பேட்டையைவிடப் பெரிய இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வியர்வையை விரைந்து உலர்த்தும் பாலியெஸ்டர் உட்சட்டையை அங்கேயே வாங்கிவிடலாம். பருத்திச் சட்டையை மட்டும் மலைக்கு உட்சட்டையாகக் கொண்டுசெல்லாதீர்கள். நனைந்தால் அது உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும்.

முதுகுப்பையில் துணியின் நிறத்தைவிட இடுப்புப் பட்டையே முக்கியம். சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்குவது அதுதான். அதன் உள்ளிருக்கும் பஞ்சு தட்டையாகிவிட்டதா என்று இருபுறமும் அழுத்திப் பார்க்க வேண்டும். பையை உள்வெளியாகப் புரட்டுங்கள். உட்பூச்சு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அந்தப் பை இனி மழை தாங்காது. கொக்கி உடைந்திருந்தால் கவலையில்லை. சில பத்து ரூபாயில் மாற்றலாம். அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம். ஜிப் பல் விடுவதும் பெரும்பாலும் இழுப்பான் தளர்ந்ததால்தான். குறடால் இருபுறமும் மெல்ல நெருக்கினால் மீண்டும் பிடிக்கும். பற்களே உடைந்திருந்தால் மட்டும் தையற்காரரிடம் செல்ல வேண்டும்.

தூக்கப்பையில் வாத்தின் மென்சிறகு அடைத்தவை, செயற்கை இழை அடைத்தவை என இருவகை உண்டு. பழையதாக வாங்க ஏற்றது முதல் வகை. மென்சிறகு பல ஆண்டுகள் தாங்கும். கசங்கி அழுக்கேறியிருந்தாலும், அதற்குரிய சோப்பில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு குறைந்த சூட்டில் நெடுநேரம் சுழற்றினால் மீண்டும் பூரிக்கும். செயற்கை இழையோ ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். கடையில் பையை விரித்து, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அதுவரை வேறு பொருளுக்குப் பேரம் பேசலாம். திரும்பி வரும்போது அது பூரித்து எழுந்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிறகு இல்லாத வெற்றிடங்கள் தெரியும். பூஞ்சை நாற்றம் அடித்தால், விலை எதுவாயினும் கீழே வைத்துவிடுங்கள்.

கூடாரத்தைக் கடையில் விரித்துக் காட்டச் சொன்னால் விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். வெளித்துணியின் உட்பூச்சு கெட்டிருந்தால் அது கையில் ஒட்டும். புளித்த வாடையும் வரும். அதற்கு மருந்தில்லை. தையலை மூடிய நாடா உரிந்திருந்தால் புதிய பசை பூசிச் சரிசெய்யலாம். கம்புகளின் உள்ளோடும் மீள்கயிறு தளர்ந்திருப்பது குறையே அன்று, எளிதில் மாற்றக்கூடியது. மழைச்சட்டைக்கும் இதே நியாயம் பொருந்தும். உள்ளே கொப்புளம் போல் அடுக்குகள் பிரிந்திருந்தால் வேண்டாம். மேலே நீர் முத்தாக நிற்காமல் ஊறுவது மட்டுமே குறையென்றால், துவைத்து இளஞ்சூட்டில் உலர்த்தினாலே பல சட்டைகள் தேறிவிடும்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாதவை சில உண்டு. பாறை ஏறும் கயிறு, இடுப்பில் பூட்டும் ஹார்னெஸ், தலைக்கவசம் ஆகிய மூன்றையும் பிறர் கையிலிருந்து வாங்கக்கூடாது. கயிறு எத்தனை வீழ்ச்சிகளைத் தாங்கியது, எந்த அமிலத்தின் அருகே கிடந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசம் வெளியே வடுவின்றி உள்ளே விரிந்திருக்கக்கூடும். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் இழையாலான பாதுகாப்புக் கருவிகளைப் பத்து ஆண்டுகளுக்குமேல் பயன்படுத்த வேண்டாம் என்றே தயாரிப்பாளர்கள் பலர் கூறுகின்றனர்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பது வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. எடுத்துக்காட்டாக, தூக்கப்பை ஒன்றின் வாடகை நாளுக்கு 80 ரூபாய் என்றும், பழைய பை ஒன்றின் விலை 2,000 ரூபாய் என்றும் கொள்வோம். 25 நாட்களில் இரண்டும் சமமாகும். ஐந்து நாள் பயணம் ஆண்டுக்கு ஒன்று என்றால் ஐந்து ஆண்டுகள். அத்தனை முறை செல்வோமா என்பதை அவரவர் தமக்குத்தாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் எண்ணம் இது: முதல் பயணத்துக்குப் பையையும் கூடாரத்தையும் வாடகைக்கு எடுங்கள், மிச்சமாகும் தொகையில் காலணியை மட்டும் புதிதாக வாங்கி, புறப்படும் முன் ஒரு மாதம் அணிந்து நடந்து பழகுங்கள். காலணியைத் தவிர ஏனைய அனைத்தும் இரவலாகலாம்.

இணையவழியில் பழைய பொருள் தேடுவோருக்கு ஒரு சொல். இராணுவத்தில் பணிபுரிவதாகவும், திடீர் இடமாற்றத்தால் கூடாரத்தையும் மிதிவண்டியையும் அடிமாட்டு விலைக்குத் தருவதாகவும் கூறி, முன்பணம் கேட்கும் மோசடி பரவலாக நடக்கிறது. சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையின் நகலும் அனுப்புவார்கள். அவற்றை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் விற்பவராக இருந்தால் வேறொரு வலை: பணம் அனுப்புவதாகச் சொல்லி, க்யூஆர் குறியீட்டை வருடி யூபிஐ பின் எண்ணை இடச் சொல்வார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அதை இட்ட நொடியில் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அவ்வாறு இழக்க நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். பொருளை நேரில் கண்டு, கையால் தொட்டு, பின்னர்ப் பணம் தருவதே பாதுகாப்பு.

சென்ற மாதம் எங்கள் முதுகுப்பையை விற்றோம். இடக் கொக்கி மாற்றப்பட்டது, மேல் ஜிப் சற்றுத் தளர்வு என்று ஒரு சீட்டில் எழுதிப் பட்டையில் கட்டியிருந்தோம். வாங்க வந்த கல்லூரி மாணவி சீட்டைப் படித்தார். பிறகு பையை உள்வெளியாகப் புரட்டி, பூச்சை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, இடுப்புப் பட்டையை அழுத்தி, கொக்கிகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பூட்டினார். ஐந்து நிமிடம் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டையின் உட்புறத்தில், நாங்களே கவனித்திராத ஒரு தையல் விட்ட இடத்தைக் காட்டி 200 ரூபாய் குறைத்துக்கொண்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு, காலணி ஏதும் விற்பனைக்கு உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றோம்.