3 முறை உலக சாம்பியன். செத்தபோது பையில் 800 டாலர்!
சீட்டாடியே பிழைத்தவரின் பரிதாப கதை

"சீட்டாடியே ஒருத்தன் பிழைக்க முடியுமாண்ணே?"

ராஜபாளையத்தில் மில் ஷிப்டு முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் இளைஞர்கள் இப்படி கேட்பது உண்டு. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி தறிக்கூடங்களிலும் இதே பேச்சுத்தான். சுமார் 12 கிலோ மீட்டர் தள்ளி, மாவட்ட கோர்ட்டு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே கேள்வி வேறு மாதிரி வரும்.

"ரம்மி திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிட்டுதாமே, அண்ணாச்சி? அப்புறம் என்ன தப்பு?"

இரண்டு கேள்விக்கும் ஒரே ஒரு மனிதரின் கதை பதில் சொல்லும். அவர் பெயர் ஸ்டூ அங்கர். அமெரிக்கர். சாகும்வரை அவருக்கு சீட்டாட்டம் ஒன்றே தொழில்.

10 வயதில் வெற்றி

1953-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி நியூயார்க் நகரில் அங்கர் பிறந்தார். அப்பா மதுக்கடை நடத்தினார். பந்தயப் பணமும் அங்கே கைமாறும். பெரியவர்கள் சீட்டாடுவதை பார்த்துப் பார்த்தே பையன் வளர்ந்தான்.

அவன் பிடித்துக்கொண்டது "ஜின் ரம்மி". நம் ஊர் 13 சீட்டு ரம்மிக்கு அது பங்காளி மாதிரி. ஆளுக்கு 10 சீட்டு. இரண்டே பேர் ஆட்டம். 10 வயதில் உள்ளூர் போட்டி ஒன்றில் ஜெயித்தான்.

1967-ல் அப்பா மாரடைப்பில் இறந்தார். படிப்பு பாதியில் நின்றது. அம்மாவையும் அக்காவையும் காப்பாற்ற சீட்டுக்கட்டை கையில் எடுத்தான் அந்த சிறுவன்.

எதிரி எதை எடுக்கிறார், எதை வீசுகிறார் என்பதை வைத்தே அவர் கையில் என்ன இருக்கிறது என்று கணக்கு போட்டுவிடுவார் அங்கர். பெரிய பெரிய ஆட்டக்காரர்களையும் மண்ணை கவ்வ வைத்தார். முடிவு என்ன ஆயிற்று? அவரோடு உட்காரவே ஆள் இல்லை!

நம் ஊரிலும் இது உண்டே. கை தேர்ந்தவர் வந்து உட்கார்ந்தால், "நீங்க ஆடுங்க மாமா, எனக்கு வேலை கிடக்கு" என்று ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். அங்கருக்கும் அதே கதிதான். திறமை அதிகமானதால் பிழைப்பு போயிற்று!

சூதாட்ட நகரம்

1970-களின் கடைசியில் லாஸ்வேகாஸ் நகருக்கு குடி போனார். அமெரிக்காவின் சூதாட்ட தலைநகர் அது. அங்கே ஒரு சூதாட்ட விடுதி முதலாளி அவருடைய ஞாபக சக்தியை சோதிக்க ஒரு லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். பல கட்டு சீட்டுகளை ஒன்றாக கலந்து, போன சீட்டை மனதில் வைத்து மிச்ச சீட்டை சொல்ல வேண்டும். அங்கர் சொன்னார். ஒரு லட்சத்தை வாங்கி பையில் போட்டுக்கொண்டார்.

ரம்மிக்கு ஆள் கிடைக்காததால் "போக்கர்" ஆட்டத்துக்கு மாறினார்.

போக்கர் உலகப் போட்டியில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். ஐந்து சீட்டு பொதுவாக மேஜையில். ஏழில் சிறந்த ஐந்தை சேர்த்தவருக்கு பணம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், எல்லாம் இருப்பதுபோல பணத்தை ஏற்றி எதிரியை பயமுறுத்தி ஓட வைக்கலாம். அதுதான் அந்த ஆட்டத்தின் சூட்சுமம்.

1980-ல் முதன்முறையாக உலக போக்கர் போட்டியில் அங்கர் உட்கார்ந்தார். வயது 26. எதிரே டாயில் பிரன்சன். 1976, 1977 இரண்டு ஆண்டும் பட்டம் வாங்கிய பழுத்த புலி. புலியை பையன் சாய்த்தான்! 1981-ல் மீண்டும் அவரே சாம்பியன். "கிட்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நம் பாஷையில் "பொடியன்".

பணம் எங்கே போனது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்து பரமபதம் ஆடியவர்களுக்கு தெரியும். ஏணியில் ஏறுவது கஷ்டம். உச்சிக்கு பக்கத்தில்தான் பெரிய பாம்பு வாயை திறந்து காத்திருக்கும்.

அங்கருக்கு மூன்று பாம்புகள். குதிரைப் பந்தயம், விளையாட்டுப் பந்தயம், கோக்கைன் போதைப்பொருள். சீட்டில் ராத்திரி ஜெயித்ததை பகலில் குதிரையில் விட்டார். 1982-ல் கல்யாணம். ஒரு மகள் பிறந்தாள். 1986-ல் விவாகரத்து.

1990-ம் ஆண்டு உலகப் போட்டியில் ஏராளமான சில்லுகளை சேர்த்து முன்னணியில் இருந்தார். மூன்றாம் நாள் ஆளை காணோம். ஓட்டல் அறையில் போதை தலைக்கேறி நினைவில்லாமல் கிடந்தார். நாற்காலி காலி. ஆனாலும் அவர் சேர்த்து வைத்த சில்லுகள் கரையவே நீண்ட நேரம் ஆயிற்று. ஆள் இல்லாமலே 9-வது இடம் கிடைத்தது!

கடைசி வெற்றி

1997-ல் போட்டிக்கு கட்ட வேண்டிய 10 ஆயிரம் டாலர் அவரிடம் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர் கட்டினார். போதைப்பொருள் மூக்கையே அரித்திருந்தது. அதை மறைக்க நீல கண்ணாடி போட்டுக்கொண்டு, மகளின் போட்டோவை பக்கத்தில் வைத்து ஆடினார்.

312 பேர் உட்கார்ந்த போட்டியில் மூன்றாவது முறையாக பட்டம். பரிசு 10 லட்சம் டாலர். பாதி பாக்ஸ்டருக்கு. மீதி சில மாதங்களில் பறந்தது. அடுத்த ஆண்டும் பாக்ஸ்டர் பணம் கட்ட தயாராக இருந்தார். "முடியவில்லை" என்று அங்கர் ஒதுங்கிவிட்டார்.

1998 நவம்பர் 22-ந்தேதி லாஸ்வேகாசில் ஒரு மலிவான விடுதி அறையில் பிணமாக கிடந்தார். வயது 45. பையில் இருந்தது சுமார் 800 டாலர். வாழ்நாளில் 3 கோடி டாலர் ஜெயித்திருப்பார் என்று மதிப்பிடப்பட்ட மனிதர்! அடக்கம் செய்ய நண்பர்கள் பணம் வசூல் செய்தார்கள்.

கோர்ட்டு சொன்னது என்ன?

அங்கரின் திறமை ஒருநாளும் பொய்க்கவில்லை. எழுந்து போகும் நேரம்தான் அவருக்கு தெரியவில்லை. அதை எந்த சீட்டுக்கட்டும் சொல்லிக்கொடுக்காது.

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் சொன்னது உண்மை. ஆனால் கிளப் நடத்துகிறவர் அந்த ஆட்டத்தில் லாபம் பார்த்தால் அது குற்றம் ஆகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த பாதியை யாரும் சொல்வதில்லை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கும் போக்கருக்கும் தமிழக அரசு போட்ட தடையை 2021-ல் ஐகோர்ட்டு ரத்து செய்தது. அரசு 2022-ல் மறுபடி சட்டம் கொண்டு வந்தது. 2023 நவம்பரில் ஐகோர்ட்டு அந்த சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தடையிலிருந்து விலக்கியது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்ற விதியை 2025 ஜூனில் ஐகோர்ட்டு செல்லும் என்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் காசு வைத்து ஆடும் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது.

மடியில் உள்ள சம்பளம்

டீக்கடை பெஞ்சில் எதிரே இருப்பவன் முகம் தெரியும். தோற்றால், "போதும்டா மாப்ளே, எந்திரி" என்று தோளை தட்ட ஒருத்தன் இருப்பான். செல்போனில் தட்டுவதற்கு யாரும் இல்லை. மில் சம்பளம் வாங்கிய ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, போர்வைக்குள் தனியாக ஆடுகிற ஆட்டம் அது. காலையில் பால்காரருக்கும் பள்ளிக்கூட பீசுக்கும் பதில் சொல்ல வேண்டியது மனைவி.

312 பேர் பணம் கட்டியதால்தான் 1997-ல் ஒருவருக்கு 10 லட்சம் டாலர் கிடைத்தது. அந்த ஒருவருக்கே அது தங்கவில்லை.

"சீட்டாடியே பிழைக்க முடியுமாண்ணே?"

உலகத்திலேயே கெட்டிக்காரர் ஒருவர் முயன்று பார்த்தார், தம்பி. அவர் பையில் மிஞ்சியது 800 டாலர்.