தொலைவிலுள்ள கணிப்பொறிக்குத் தொல்லையில்லா மின்சாரம்

நம் பெரியவர்கள் வீடு கட்டிய காலத்தில் அறைக்கு ஒரு விளக்கு, கூடத்திற்கு ஒரு மின்விசிறி, வானொலிக்கு ஒரு பிளக் என்று கணக்கிட்டே மின் இணைப்பு அமைத்தார்கள். இன்றோ பிள்ளைகள் அமைதியாக அமர்ந்து படிக்க உள்ளறையின் மூலைதான் கிடைக்கிறது. பிளக் இருப்பதோ கூடத்துச் சுவரில். இடையிலுள்ள முப்பது அடியை ஒரு கம்பி கடந்தாக வேண்டும். கணிப்பொறியின் ஆயுளும், அதைத் தொடுகின்ற பிள்ளையின் உயிரும் அந்தக் கம்பியின் தரத்தைப் பொறுத்தவை. ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இதை அறிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு சிறு கணக்கு. மேசைக் கணிப்பொறியும் அதன் திரையும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 200 வாட் வரையே இழுக்கும். நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் இது 1 ஆம்பியருக்கும் குறைவு. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் முப்பது அடி கடந்து செல்வதால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ கால் வோல்ட்தான். தொலைவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் ஆபத்து எங்கிருந்து வருகிறது? அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒருநாள் யாரேனும் இஸ்திரிப் பெட்டியைச் செருகுகிறார்கள். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பியின் நடுவே முறுக்கி, டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்து, அது தளர்ந்து 1 ஓம் தடையாகிவிட்டால், அந்த ஒரே புள்ளியில் 18 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் கோலுக்கே 25 வாட் போதும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஒட்டு பாய்க்கோ, விரிப்புக்கோ அடியில் கிடந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அடுத்தது எர்த் இணைப்பு. மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள பின் மட்டும் தடித்து நீண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். செருகும்போது அது முதலில் இணைய வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. இரண்டு துளைப் பெட்டியில் செருகுவதற்காக அதை ஒடித்துவிடுவது, வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிவதற்கு ஒப்பாகும்.

கணிப்பொறிப் பெட்டியின் இரும்புப் பாகத்தில் கை பட்டதும் சுருக்கென்று ஓர் உணர்வு ஏற்படுகிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். உள்ளிருக்கும் மின்வழங்கியின் வடிகட்டி உறுப்புகள், எர்த் இல்லாதபோது, அந்தப் பெட்டியை ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிறுத்திவிடுகின்றன. ஓடுகின்ற மின்சாரம் மிகச் சிறிதாகையால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஃபேஸ் கம்பியே இரும்பைத் தொட்டுவிட்டால் காப்பாற்ற எதுவும் இராது. சிலர் பிளக்கினுள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்துவிடுகிறார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

சொந்த வீட்டில் வசிப்போர் செய்ய வேண்டியது ஒன்றே. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிகள் மூன்றைப் பைப்பினுள் கொண்டுசென்று, மேசைக்கருகில் நிலையான பிளக் அமைத்துக் கொள்ளுங்கள். எம்.சி.பி. கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வாடகை வீட்டிலிருப்போர் ஒட்டில்லாத ஒரே நீளமான, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மூன்று கம்பி கேபிளை வாங்கிச் சுவரோரமாகக் கொண்டுசெல்லலாம். கதவிடுக்கில் நசுங்கவிடாதீர்கள், மிஞ்சிய நீளத்தைச் சுருட்டியும் வைக்காதீர்கள். அதில் கணிப்பொறியைத் தவிர வேறெதையும் செருகக் கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

இனி, மின்சாரத்தின் ஏற்ற இறக்கம். ஸ்பைக் கார்டு திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலை மட்டுமே தணிக்கும். குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தாது, இல்லாத எர்த்தை உண்டாக்கவும் செய்யாது. மேசைக் கணிப்பொறிக்கு ஏற்றது, மின்னழுத்தத்தைச் சீராக்கும் லைன் இன்டராக்டிவ் வகை யு.பி.எஸ். ஒரு கணிப்பொறிக்கு 600 வி.ஏ. அளவு பெரும்பாலும் போதும். அது சில நிமிட அவகாசமே தரும். செய்த வேலையைச் சேமித்து முறைப்படி நிறுத்துவதற்கானது அந்த அவகாசம். யு.பி.எஸ்ஸைக் கணிப்பொறியின் அருகிலேயே வையுங்கள்; காற்றோட்டம் தேவை. லேசர் அச்சு இயந்திரத்தை அதனுடன் இணைக்காதீர்கள். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். மடிக்கணினிக்கோ இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. அதன் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பேட்டரியும் உள்ளேயே இருக்கிறது.

மின்பணியாளர் வரும்போது மேசைக்கருகிலுள்ள பிளக்கில் இரண்டு அளவுகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. பிள்ளைகளின் பாடங்களைக் கேட்டுப் பார்க்கும் பெற்றோர், அவர்கள் அமர்ந்து படிக்கும் மேசைக்குப் பின்னால் கிடக்கும் கம்பியையும் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும்.