கிராமச் சாலையின் நிலவரம் ஓட்டுநரைச் சென்றடைவது எப்படி?

உத்தரப் பிரதேச மாநிலம் பரேலி அருகே 2024 நவம்பர் 24-ஆம் தேதி, ராமகங்கை ஆற்றின் மீதுள்ள பாலத்திலிருந்து கார் ஒன்று கீழே விழுந்ததில் மூவர் உயிரிழந்தனர். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கெனவே அடித்துச் சென்றிருந்தது. வழிகாட்டிச் செயலியில் அம்மாற்றம் பதிவாகவில்லை என்றும், பாலத்தில் தடுப்புகள் இல்லை என்றும் காவல்துறை தெரிவித்தது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்கும் பதிவு செய்யப்பட்டது.

வரைபடச் செயலிகள் சாலையை நேரில் பார்ப்பதில்லை. அவ்வழியே செல்வோரின் கைப்பேசிகள் அனுப்பும் இருப்பிடத் தகவலைத் தொகுத்தே போக்குவரத்தைக் கணிக்கின்றன. நகரச் சாலை அடைபட்டால், நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் ஒரே இடத்தில் தேங்குவதைக் கொண்டு சில நிமிடங்களில் நெரிசல் தெரிந்துவிடும். நாளொன்றுக்குச் சில வண்டிகளே செல்லும் கிராமச் சாலையில் அதற்கு வழியில்லை. பாலம் உடைந்ததால் எவரும் வரவில்லையா, வழக்கமாகவே ஆள் நடமாட்டம் இல்லாத நேரமா என்பதைத் தரவு சொல்லாது. முன்கூட்டியே பதிவிறக்கிய வரைபடம், சிக்னல் இல்லாத இடத்திலும் வழிகாட்டும். ஆனால் அது காட்டுவது பதிவிறக்கிய நாளின் நிலையை மட்டுமே.

எனவே, சாலை மூடப்பட்ட செய்தியை யாரேனும் ஒருவர் பதிவு செய்தாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை, மாநிலச் சாலை, ஊராட்சிச் சாலை என ஒவ்வொன்றும் வெவ்வேறு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் அமைந்த சாலைகளின் குறைகளைப் புகைப்படத்துடன் தெரிவிக்க 'மேரி சடக்' என்ற செயலி 2015 முதல் உள்ளது. அது பழுதுபார்ப்புக்கான புகார்ப் பெட்டி. அன்றிரவு அவ்வழியே வரும் ஓட்டுநரை எச்சரிக்க உருவானது அன்று.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டக் காவல்துறை பின்பற்றும் முறை மிக எளியது. எந்தச் சாலை திறந்துள்ளது, எது பனியால் மூடப்பட்டுள்ளது, எவ்வகை வாகனங்களுக்கு அனுமதி என்பதைச் சமூக ஊடகத்தில் சில வரிகளில் அது வெளியிடுகிறது. மணாலியிலிருந்து புறப்படுவோருக்கு வேண்டியது பெரும்பாலும் அவ்வளவே.

இணைய வசதி இல்லாத கைப்பேசிக்கும் எச்சரிக்கை அனுப்ப முடியும். குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் உள்ள கைப்பேசிகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் 'செல் பிராட்காஸ்ட்' முறையை, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் 2023-இல் சோதித்தன. புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களை முன்னிட்டு உருவான ஏற்பாடு அது. உடைந்த பாலத்துக்கும் அது பயன்பட வேண்டுமெனில், சாலையை மூடும் அலுவலர் அன்றே, அவ்விடத்தின் துல்லியமான அமைவிடத்துடன் தகவல் தர வேண்டும்.