நொறுங்கும் எலும்புக்கு மருந்து செய்வது என்ன?

தொட்டிலிலிருந்து தூக்கினால் கை முறியுமோ, துணி மாற்றினால் கால் முறியுமோ என்று பெற்றோர் அஞ்சி அஞ்சிக் காலம் தள்ளும்படி செய்கின்ற ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா’ என்னும் எலும்பு நொறுங்கும் நோய், ஏறத்தாழ 15,000 முதல் 20,000 சிசுக்களில் ஒன்றுக்கு வரும் ஜன்ம வியாதியாகும். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுக்களில் நேர்ந்த பிழையே பெரும்பாலும் இதற்குக் காரணம். அப்பிழையைத் திருத்தும் ஔஷதம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

ஆயினும் நிராசைக்கு இடமில்லை. நம் சரீரத்தில் எலும்பு ஓயாமல் கரைக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருவதால், கரைக்கும் செல்களை அடக்கிவிட்டால் கட்டும் வேலை மேலோங்கும் என்பதே பிஸ்பாஸ்போனேட் என்னும் மருந்து வகையின் தத்துவம். செங்கல்லின் தரம் உயராவிட்டாலும் சுவரின் கனம் கூடுவது போல, கொலாஜனின் குறை அப்படியே இருக்க, எலும்பின் அடர்த்தி மட்டும் விருத்தியடைகிறது. வளரும் பருவத்தில் நசுங்கிய முதுகெலும்புகளும் ஓரளவு வடிவம் மீள்வதுண்டு.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரான்சிஸ் குளோரியூ என்ற மருத்துவரின் குழுவினர், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 30 சிறுவர் சிறுமியருக்குப் இவ்வகையைச் சேர்ந்த பாமிட்ரோனேட் மருந்தை ரத்தநாளம் வழியே செலுத்தி, எலும்பு அடர்த்தி ஆண்டுக்குச் சராசரி 42 சதவீதம் உயர்ந்ததாகவும், முறிவுகள் குறைந்ததாகவும், நாள்பட்ட வலி தணிந்ததாகவும் 1998-இல் வெளியிட்ட முடிவுகளே இச்சிகிச்சையை உலகெங்கும் பரப்பின. எனினும், மருந்து பெறாதாரோடு ஒப்பிட்ட ஆய்வு அதுவன்று. பிற்கால ஆய்வுகளிலும் அடர்த்தி உயர்வு ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட அளவுக்கு, முறிவுக் குறைவு ஒரே சீராக நிரூபணமாகவில்லை.

பாமிட்ரோனேட்டைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மூன்று நாள் தொடர்ந்து ஏற்றுவது வழக்கமாயிருக்க, அதே வகையில் பின்னர் வந்த சோலெட்ரோனிக் அமிலத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மணிக்கும் குறைவான நேரத்திலேயே ஏற்றிவிடலாம். முதல் தடவை ஜுரமும் உடல்வலியும் வரக்கூடும்; ரத்தத்தில் கால்சியம் தாழவும் கூடுமாதலால், கால்சியமும் வைட்டமின் டியும் போதுமான அளவு உள்ளனவா என்று முன்னதாகவே பரிசோதிப்பார்கள்.

மருந்து ஒன்றையே நம்பியிருப்பதும் தகாது. வளைந்த எலும்பை நிமிர்த்தி உள்ளே கம்பி பொருத்தும் அறுவையும், தசையை வலுப்படுத்தும் இயன்முறைப் பயிற்சியும் உடன் சேர்ந்தால்தான் குழந்தை நிற்கவும் நடக்கவும் வாய்ப்புப் பெருகும். ஆகவே, அற்பக் காரணத்துக்கெல்லாம் எலும்பு முறியும் குழந்தைக்குக் கட்டுப் போட்டதோடு திருப்தியடையாமல், தாமதமின்றிச் சிறார் எலும்பு நோய் நிபுணரிடம் காட்டுவது பெற்றோர் கடமையாகும்.