இறுதியாட்டத்துக்கு ஏன் இத்தனை கூட்டம்?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். 1970களின் பிற்பகுதி. தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. மூங்கில் கழியின் உச்சியில் ஏரியல். காற்று அடித்தால் படம் ஆடும். யாராவது ஒரு பையன் வெளியே ஓடிப் போய்க் கழியைத் திருப்ப வேண்டும். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. வண்ணப்படம் வந்ததோ 1978-ஆம் ஆண்டு கடைசியில்தான். ஆகவே மண்டபத்தில் தெரிந்தது கறுப்பு வெள்ளைப் படம்.

மற்ற நாள்களில் அந்தப் பெட்டியின் முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் அதிகம். மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் என்றால் மட்டும் லயத்தில் ஆள் இருக்காது. பிள்ளைகள் முன்னால் தரையில், ஆண்கள் பெஞ்சில், பெண்கள் வாசற்படியில். கைக்குழந்தைகூட வந்துவிடும்.

எங்கள் சிலாங்கூர்த் தோட்டத்தில், காற்பந்தைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு பாட்டி பாயைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி இதுதான்: “எந்தப் பக்கம் தம்பி நம்ம பக்கம்?”

“கறுப்பா தெரியுதே, அந்தச் சட்டைதான் பாட்டி. சிலாங்கூரு.”

அவ்வளவுதான். பிற்பாதி ஆட்டத்தில் மண்டபத்திலேயே அதிகமாகக் கத்தியவர் அந்தப் பாட்டிதான்.

ஆட்டம் நாள்தோறும் எங்காவது நடக்கிறது. அப்படியிருக்க, சில இறுதியாட்டங்களுக்கு மட்டும் கோடிக்கணக்கான மக்கள் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு ஏன் கூடுகிறார்கள்? இன்று இதைச் சற்று ஆராய்வோம்.

முதற்காரணம், முடிவு தெரியாமையும், அது அன்றைக்கே தெரிந்துவிடுவதும் ஆகும். ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் போட்டியில் இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் சரிசெய்து கொள்ளலாம். இறுதியாட்டத்தில் அடுத்த வாரம் என்பது கிடையாது. அதிலும் உலகக் கிண்ணம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இன்று தோற்றவன் அடுத்த முறை ஆடுவானா என்பதே ஐயம்.

1986-ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ நகரில் அர்ஜென்டினாவும் மேற்கு ஜெர்மனியும் மோதின. அர்ஜென்டினா இரண்டு கோல் போட்டு முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 74-ஆம் நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. சில நிமிடங்களில் இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு! அதற்கும் சில நிமிடங்கள் கழித்து, மாரடோனா தட்டிவிட்ட பந்தைப் புருச்சாகா என்பவர் கொண்டுபோய்க் கோலாக்க, அர்ஜென்டினா 3-2 என்று வென்றது. மறுநாள் பத்திரிகையில் அந்த எண்களைப் படிக்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிட நெஞ்சிடியைப் பத்திரிகையில் படிக்க முடியாது.

காற்பந்தில் கோல் அரிது என்பதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. பூப்பந்தில் ஒரு புள்ளி போனால் அடுத்த நிமிடமே இன்னொன்று கிடைக்கும். காற்பந்தில் ஒன்றரை மணி நேரமும் ஒரு கோல்கூட விழாமல் போகலாம். 2010-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த இறுதியாட்டத்தில் ஸ்பெயின் நெதர்லாந்தை வென்ற ஒரே கோல், கூடுதல் நேரத்தில், 116-ஆம் நிமிடத்தில்தான் விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் அதைத் தவறவிட்டிருப்பார். அதனால்தான் யாரும் எழுந்து போவதில்லை.

மேலும், இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் படிப்புத் தேவையில்லை. வர்ணனையாளரின் மொழிகூடத் தேவையில்லை. பந்து வலைக்குள் போனால் கோல். ஐந்து வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்ளும் நாடகம் இது.

இரண்டாவது காரணத்தைத்தான் அந்தப் பாட்டி தம் முதற்கேள்வியில் சொல்லிவிட்டார். “எந்தப் பக்கம் நம்ம பக்கம்?” பக்கம் இல்லாதவனுக்கு ஆட்டம் வெறும் ஓட்டம். ஒரு பக்கத்தை நம்முடையது என்று எண்ணிவிட்டாலோ, பந்து போகும் இடமெல்லாம் மனமும் போகிறது.

மலேசியக் கிண்ணம் 1970களில் அவ்வளவு கூட்டத்தை ஈர்த்தது இதனால்தான். 1975 முதல் 1981 வரை நடந்த ஏழு இறுதியாட்டங்களிலும் சிங்கப்பூர் ஆடியது. அவற்றுள் ஆறில் எதிர்த்து நின்றது சிலாங்கூர். 1977-இல் மட்டும் பினாங்கு. அந்த ஆண்டு சிங்கப்பூர் 3-2 என்று வென்றது. ஜொகூர்ப் பாலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு கட்சி, அந்தப்பக்கம் ஒரு கட்சி. ஆண்டுக்காண்டு பழைய கணக்கைத் தீர்க்கும் ஆட்டமாக அது வளர்ந்தது.

நம் மக்களுக்கு இன்னொரு பிடிப்பும் இருந்தது. சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்றே அழைத்தார்கள். சந்தோக் சிங், சோ சின் ஆன், மொக்தார் டஹாரி ஆகியோருடன் அவரும் ஒரே சட்டை அணிந்து நின்றபோது, மண்டபத்தில் இருந்த மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். 1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் மறைந்தபோது, சொந்த வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் பலர் வருந்தினார்கள்.

2010-ஆம் ஆண்டு நடந்ததையும் மறக்க முடியாது. தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் தொடக்கத்தில் மலேசியா, இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோற்றது. அதே மாதத்தில் அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் மறுபடி சந்தித்தது. பயிற்றுநர், முன்னாள் சிலாங்கூர் ஆட்டக்காரர் கே. இராஜகோபால். டிசம்பர் 26-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா 3-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து ஜக்கார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு வந்தது. டிசம்பர் 31-ஆம் நாளைப் பொது விடுமுறை என்று பிரதமர் அறிவித்தார். அடிபட்டவன் எழுந்து நிற்கும் கதை அது. அப்படிப்பட்ட கதைக்குப் பார்வையாளர்கள் தாமாகவே வந்து சேர்கிறார்கள்.

மூன்றாவது காரணம், எல்லாரும் ஒரே நொடியில் பார்ப்பது. இதைத் தந்தது அறிவியல்.

1950-இல் பிரேசில் நாட்டு மக்களில் பெரும்பாலோர் உலகக் கிண்ண முடிவை வானொலியில்தான் கேட்டார்கள். 1954-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த போட்டிதான் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்ட உலகக் கிண்ணம். அன்று அதைப் பார்த்தவை ஐரோப்பாவின் சில நாடுகளே. 1966-இல் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்ற இறுதியாட்டத்தைப் பிரிட்டனில் 3 கோடியே 23 இலட்சம் பேர் பார்த்தார்கள். அந்நாட்டின் அன்றைய மக்கள்தொகையே ஏறத்தாழ ஐந்தரைக் கோடிதான் என்றால், இதன் பெருக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

1969-ஆம் ஆண்டுக்குள் மூன்று பெருங்கடல்களுக்கும் மேலே செய்தித் துணைக்கோளங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் அவை ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஒரு கண்டத்திலிருந்து மேலே அனுப்பும் படத்தை வாங்கி, மறு கண்டத்துக்கு இறக்கிவிடும். இதற்குப் பிடிக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ கால் பங்கு. 1970-இல் மெக்சிகோவில் பெலே ஆடிய பிரேசில் இத்தாலியை 4-1 என்று வென்றதை, பல கண்டத்து மக்கள் அது நடக்கும்போதே பார்த்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்கு அது வண்ணத்திலும் தெரிந்தது. சிங்கப்பூரிலோ, 1974 ஜூலை 7-ஆம் நாள் வண்ணத்தில் நேரடியாக ஒளிபரப்பானது உலகக் கிண்ண இறுதியாட்டமே.

ஒரே நொடியில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பிரிட்டனில் 1990 ஜூலை 4-ஆம் நாள், இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய அரையிறுதி ஆட்டம் பினால்டி உதையில் முடிந்தது. இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்த உடனே, தேநீர் போட நாடெங்கும் மின்சாரக் கெட்டிலைத் தட்டினார்கள். விளக்கைப் போட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் மட்டும் மின்தேவை 2,800 மெகாவாட் கூடியது. 100 வாட் விளக்குகள் 2 கோடியே 80 இலட்சத்தை ஒரே நேரத்தில் ஏற்றினால் எவ்வளவோ, அவ்வளவு. துக்க வீட்டிலும் தேநீர் வேண்டும் அல்லவா?

இவ்வளவு பேர் கூடும் இடத்தில் வியாபாரம் வராமல் இருக்குமா? விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் காசு கொடுப்பது, நாம் அந்த நேரத்தில் கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்காகத்தான். ஆகவே கூட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்வதிலும் சிறிது கவனம் வேண்டும். 2010 இறுதியாட்டத்தை வீடுகளில் ஒரு நிமிடமாவது பார்த்தவர்கள் ஏறத்தாழ 91 கோடி என்று உலகக் காற்பந்துச் சம்மேளனம் அறிவித்தது. தொடர்ந்து இருபது நிமிடமாவது பார்த்தவர்கள் என்று எண்ணினால் அது 62 கோடியாகக் குறைகிறது. இரண்டும் உண்மைதான். கோயில் திருவிழாவில் வாசலில் நின்று கும்பிட்டுப் போனவரையும் எண்ணலாம், பூசை முடியும்வரை இருந்தவரை மட்டும் எண்ணலாம். யார் எப்படி எண்ணினார்கள் என்று கேட்பதே அறிவுடைமை.

ஐரோப்பியர்கள் மாலையில் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, 1970, 1986 ஆகிய இரு ஆண்டுகளிலும் மெக்சிகோவில் இறுதியாட்டத்தை உச்சி வெயிலில், பகல் 12 மணிக்கு வைத்தார்கள். வெயில் ஏறினால் கித்தா மரத்தில் பால் ஓட்டம் குறையும்; அதனால்தான் விடியற்காலையில் வெட்டுகிறோம். மரத்துக்குக் காட்டும் அந்த இரக்கம்கூட ஆட்டக்காரருக்குக் கிடைக்கவில்லை. நமக்கோ அது 1986-இல் திங்கட்கிழமை விடியற்காலை 2 மணி. ஆட்டம் முடிந்து திரும்பினால், பெரட்டுக்கு ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் மிச்சம்.

நேயர்களே, இவற்றைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அது பந்தயம். கூட்டம் கூடும் ஆட்டத்தை நாடிச் சூதாடிகளும் வருகிறார்கள். 1994, 1995 ஆண்டுகளில் நம் நாட்டுக் காற்பந்தில் ஆட்டங்களை விலைபேசிய ஊழல் வெளிப்பட்டது. ஆட்டக்காரர்கள் பலர் தடை செய்யப்பட்டார்கள். அதன்பின் திடல்களில் கூட்டம் மெலிந்தது. ஏன்? முடிவு முன்கூட்டியே விற்கப்பட்டுவிட்டது என்றால், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நம்ம பக்கம் என்று நம்பியவர்களே நம்மை விற்றுவிட்டால், யாருக்காகக் கத்துவது? மக்களை இழுத்த இரண்டு காரணங்களும் ஒரே அடியில் போய்விட்டன.

மாதச் சம்பளத்தைப் பந்தயத்தில் வைப்பவரும் இதே தவற்றைத்தான் வீட்டுக்குள் செய்கிறார். கோல் விழுந்ததும் துள்ள வேண்டிய மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோற்ற ஆட்டம் மறுநாள் மறந்துவிடும். தோற்ற சம்பளம் மளிகைக்கடைக் கணக்கில் மாதம் முழுவதும் நின்று கேட்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அதில்தான் கரைகிறது.

ஆகவே, அடுத்த இறுதியாட்டம் வரும்போது குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். ஒருவராகப் பார்க்கும் ஆட்டத்துக்கும் பத்துப் பேராகப் பார்க்கும் ஆட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. விடியற்காலை ஆட்டமானால் முன்னிரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துப் பிறகு எழுப்புங்கள். மறுநாள் மாலை ஒரு பந்தைக் கொடுத்து அவர்களைத் திடலுக்கு அனுப்புங்கள். பார்த்ததைக் காலால் செய்து பார்க்கட்டும்.

ஆட்டம் தெரியாத பாட்டி யாராவது அன்று உங்கள் அருகில் வந்து உட்கார்ந்து, “எந்தப் பக்கம் நம்ம பக்கம்?” என்று கேட்டால் சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். கோடிக்கணக்கான மக்கள் அந்த நேரத்தில் தங்கள் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருப்பது, அதே கேள்விக்கு ஒரு விடையை வைத்துக்கொண்டுதான்.