மலாயாவுக்கு வந்து மறைந்த படம்

போன மாதம் பத்துமலையில் அம்மா வீட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். அடித்தட்டில் அம்மா, அப்பாவின் கல்யாண வீடியோ கேசட். 1986-இல் எடுத்தது. திறந்து பார்த்தால் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை.

“படம் போனா போகட்டும்மா. உன் பாட்டியோட குரல் இதுல மட்டுந்தான் இருக்கு,” என்றார் அம்மா. தினமும் வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

கேசட்டோடு பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் மனத்தில் ஓடியவர் ஆர்.நடராஜ முதலியார். கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெயர்.

1885-இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் சைக்கிள் வியாபாரம் செய்து, பிறகு கார், உதிரிப் பாகங்கள் விற்றவர். தாதாசாகெப் பால்கேயின் படங்களைப் பார்த்ததும் தாமும் எடுக்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பழகினார். கையால் சுழற்றும் கேமராவையும் பிரிண்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார்.

1917-18 வாக்கில் அவர் எடுத்த ‘கீசக வதம்’தான் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். பாஞ்சாலியிடம் தகாத முறையில் நடந்த கீசகனைப் பீமன் கொல்லும் மகாபாரதக் கதை. தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் முதலியாரே. மின்விளக்கு வசதி இல்லாததால், மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, அதில் வடிந்து வந்த வெயிலில் படம் பிடித்தார். பிலிமைக் கழுவ பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம். பேச்சு இல்லாத படம் என்பதால் நடுநடுவே ஆங்கிலம், தமிழ், இந்தியில் எழுத்து அட்டைகள் வரும். இந்தி வரிகளை எழுதித் தந்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி!

35 நாளில் படம் முடிந்தது. செலவு 35,000 ரூபாய், வரவு 50,000. அந்த வரவில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. இந்தியாவோடு பர்மா, இலங்கை, சிங்கப்பூர், ஐக்கிய மலாய் மாநிலங்கள் ஆகிய இடங்களிலும் அந்தப் படம் ஓடியது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் ஐக்கிய மலாய் மாநிலங்கள், தலைநகர் கோலாலம்பூர். ரப்பர் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் நம் முன்னோர் உழைத்துக்கொண்டிருந்த காலம். தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதே 1931-இல்தான். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே ஒரு தமிழர் எடுத்த படம் கடல் தாண்டி இங்கே வந்துவிட்டது.

‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவகுசா’ என்று மேலும் சில படங்கள் எடுத்தார். 1923-இல் ஸ்டுடியோ தீக்கு இரையானது, மகனையும் பறிகொடுத்தார். அதோடு சினிமாவை விட்டு விலகினார். 1970-களின் தொடக்கம் வரை வாழ்ந்தார். எம்.ஜி.ஆர், சிவாஜி காலத்தையும் பார்த்துவிட்டுப் போன மனிதர்.

ஆனால் அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும். எரியாமல் தப்பினாலும் வெக்கையிலும் ஈரத்திலும் மட்கிப் பொடியாகும். ஓடி முடிந்த படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் அன்று யாருக்கும் இல்லை. வரவு செலவுக் கணக்கு மிஞ்சியது, படம் மிஞ்சவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்கார அண்ணன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா ஒண்ணும் கிடைச்சிருக்காது, தங்கச்சி. முயற்சி பண்றேன்,” என்றார். ஒரு வாரம் கழித்து பென்டிரைவில் தந்தார். மூன்று மணி நேரக் கல்யாணத்தில் தேறியது பதினொரு நிமிடம். படம் முழுக்கக் கோடும் புள்ளியும், முகம் தெரியவில்லை. ஆனால் நடுவில் ஒரு குரல்: “இலையைப் போடுங்கப்பா, நேரமாகுது!”

அம்மா அதை மூன்று முறை போடச் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் ஒரு கேசட் இருக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் பிளேயரில் போட்டுவிடாதீர்கள், நாடா அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். முதலியாரின் படத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. நம் வீட்டுப் படத்துக்கு இன்னும் இருக்கிறது.