சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, மார்ஃபின் எங்கே?

பேலியேட்டிவ் கேர் படித்த டாக்டர் இருக்கிறார். இரட்டைப் பூட்டு போட்ட அலமாரி இருக்கிறது. வாய்ப்புற்று முற்றி, தண்ணீர் விழுங்கவும் அழுகிற நோயாளி கட்டிலில் இருக்கிறார். மார்ஃபின் மட்டும் இல்லை. 'நம்ம ஆஸ்பத்திரிக்கு லைசென்ஸ் இல்லைம்மா' என்று சொல்லி, பக்கத்து மாவட்டத்துப் புற்றுநோய் மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த டாக்டரின் தலைக்கு மேலேயே படிப்பை முடித்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. ஒன்றிரண்டு இடங்களில் இப்படி என்றால் விட்டுவிடலாம். போகிற ஊரிலெல்லாம் இதே கதைதான்.

வேலையில் இருந்துகொண்டே பேலியேட்டிவ் கேர் எனும் நோய்த் தணிப்புச் சிகிச்சை படிக்கிற மருத்துவர்களும் செவிலியர்களும் பெருகிவருவது நல்ல செய்தி. உலகில் ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பதோ 14 சதவீதத்தினருக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் படிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி அரசு அலுவலகத்தில் இருக்கிறது. அந்தப் பாதியை யாரும் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை, படிப்பவர்களும் கேட்பதில்லை.

முதலில் எங்கே படிப்பது என்று பார்ப்போம். வேலையை விட முடியாதவர்களுக்கு இந்தியப் பேலியேட்டிவ் கேர் சங்கம் நடத்தும் எட்டு வார அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. மருத்துவர், செவிலியர் இருவரும் சேரலாம். பாடத்தை வீட்டில் படித்து, நேர்முக வகுப்புக்குப் போய், தேர்வு எழுத வேண்டும். நோயாளிகளின் பக்கத்தில் நின்று கற்க விரும்புகிறவர்கள் கேரளத்துக்குப் போகிறார்கள். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்த பேலியேட்டிவ் மருத்துவ நிறுவனமும், திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் நிறுவிய பாலியம் இந்தியாவும் ஆறு வாரப் பயிற்சி தருகின்றன. எம்.டி. வரை போக நினைத்தால் அதற்கும் வழி உண்டு. மும்பை டாடா மெமோரியலில் அந்தப் பட்டப்படிப்பு 2012இல் தொடங்கியது.

இவற்றுக்கு நடுவே, வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஜூமில் பேசிவிட்டு 'டிப்ளமோ' என்று அச்சடித்துக் கொடுக்கிற கடைகளும் முளைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி எத்தனை நாள்? வலி நிவாரணத்துக்கும் நோய்த் தணிப்புக்குமான பயிற்சி, மார்ஃபின் போன்ற மருந்துகளைப் பரிந்துரைக்கும் பயிற்சி என்று சான்றிதழில் தெளிவாக எழுதித் தருவீர்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் சேர வேண்டாம். பின்னால் அலுவலகத்தில் உங்கள் கோப்பைப் புரட்டுகிறவர் தேடப்போவது அந்த வரியைத்தான்.

படிப்பு உருப்படியானதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. முடித்தவர் எழுதும் மருந்துச் சீட்டைப் பாருங்கள். 'மார்ஃபின் 10 மி.கி. 1-0-1' என்று இருந்தால் அவர் ஒன்றும் படிக்கவில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் நடுவில் உள்ள நேரமெல்லாம் நோயாளி வலியில் கிடக்கிறார் என்று பொருள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதி, இடையில் வலி கிளம்பினால் என்ன செய்வது என்றும் எழுதி, முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்திருந்தால் அவர் படித்தவர். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவையும் இடைவெளியையும் மாற்றியிருந்தால் நன்றாகவே படித்தவர்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஆணையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். 'போயிட்டு வாங்க டாக்டர், பார்த்துக்கலாம்' என்று கண்காணிப்பாளர் வாயால் சொன்னதை நம்பிப் போய், திரும்பி வந்தபோது அந்த நாட்களெல்லாம் ஈட்டிய விடுப்பில் கழிந்திருந்த கதைகள் நிறைய. பயிற்சி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம், தேதிகள், 'பணியில் இருப்பதாகக் கருதி' என்ற வாசகம் மூன்றும் ஆணையில் இருக்க வேண்டும்.

செவிலியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் கிடக்கிறவரின் வீட்டுக்குப் போவது நீங்கள்தான். வலியை அளப்பது, புண் கட்டுவது, புழு வைத்த புண்ணைச் சுத்தம் செய்வது, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு கை கொடுக்கும். ஆனால் மார்ஃபினைப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை அது தராது. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் அரை மாத்திரைகூட உங்கள் பொறுப்பில் கூட்ட வேண்டாம். போனில் சொன்னார் என்பது பிறகு விசாரணையில் நிற்காது, எழுதி வாங்குங்கள்.

இனி அலுவலகத்துப் பாதி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபெண்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய போதை மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. 2015இல் விதிகள் வந்தன. அதற்குமுன் பல துறைகளில் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே உங்கள் மருத்துவமனையை 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்று ஏற்றால் போதும். தமிழ்நாட்டில் அந்தத் துறையின் தலைமையகம் சென்னை தேனாம்பேட்டையில், டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது.

கவனியுங்கள், அங்கீகாரம் நிறுவனத்துக்குத்தான், சான்றிதழ் வாங்கிய தனி மனிதருக்கு அல்ல. நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் உங்கள் மருத்துவமனை விண்ணப்பிக்காவிட்டால் அங்கே மார்ஃபின் வராது. விண்ணப்பம் படிவம் 3எஃப். வலி நிவாரணம், நோய்த் தணிப்பு ஆகியவற்றில் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவரது பயிற்சிச் சான்றிதழ், மருத்துவ கவுன்சில் பதிவுச் சான்று, மருந்து வைக்கும் இடத்தின் விவரம், இருப்புக்கும் கணக்குக்கும் பொறுப்பேற்பவர் யார் என்று நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

'ஆயத்தீர்வைத் துறைக் கடிதம் எங்கே?' என்று இன்னும் கேட்கிற அலுவலர்கள் இருக்கிறார்கள். விதி மாறி இத்தனை ஆண்டாகியும் மேசைக்கு அந்தப் பக்கம் செய்தி போய்ச் சேரவில்லை. சண்டை போட வேண்டாம். 'எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்' என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கோப்பு நகராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)இன் கீழ், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 'ஏன் தாமதம்' என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். என் விண்ணப்பம் பெறப்பட்ட தேதி என்ன, இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, கோப்புக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் பிரிவு 19(1)இல் மேல்முறையீடு.

அங்கீகாரம் கிடைத்ததும் ரிஜிஸ்டர். எந்த நோயாளிக்கு, எந்தத் தேதியில், எத்தனை மாத்திரை, மீதி எத்தனை என்று அன்றைக்கே எழுதியாக வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதினால் ஆய்வுக்கு வருகிறவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நோயாளி இறந்த பிறகு வீட்டார் திருப்பிக் கொண்டுவரும் மாத்திரையையும் பதிவு செய்யுங்கள். அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கெடுவது இடமாறுதலில்தான். பயிற்சி பெற்ற ஒரே டாக்டர் மாறிப் போகிறார். அலமாரியில் இருப்பு இருக்கிறது, எழுதித்தர ஆள் இல்லை. புதிதாக வந்தவர் கை வைக்கப் பயப்படுகிறார். நோயாளிகள் மறுபடி பஸ் ஏறுகிறார்கள். ஆகவே ஒருவரை மட்டும் படிக்க அனுப்பாதீர்கள், இரண்டு பேரை அனுப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன், இரண்டு பேர். மாறுதல் ஆணை வந்த நாளிலேயே இருப்பை எண்ணி, ரிஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போட்டு, புதிய பொறுப்பாளரின் பெயரையும் பயிற்சிச் சான்றையும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அங்கீகாரச் சான்றிதழில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மருந்து தேவை என்ற மதிப்பீட்டையும் கிளம்புகிறவரே எழுதி வைத்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் அவருக்குத்தான் நோயாளிகளைத் தெரியும்.